தொட்டியில் ஒரு நீலப் பசு

லோர்னா ஹெய்ன்மன் என் மதியச் சாப்பாட்டைப் பண்ணைக் கேட்டிலேயே பிடித்துவிட்டாள்.

"பொட்டலத்துல என்ன?"

"ஹாம் சாண்ட்விச். பன்னிக்கறி வெச்சது."

"வண்டியிலயே வெச்சுப் பூட்டு. பூட்டிட்டு வந்து கையைக் கழுவு."

"லோர்னா, இது நான் திங்கறதுக்கு. உன் பன்னிங்களுக்கு ஊட்டிவிட இல்ல."

"போன வருஷம் ஒரு எலக்ட்ரீஷியனும் இதையேதான் சொன்னான். கடைசியில கேட்டுக்கு வெளியில நின்னு தின்னுட்டு, வாய் கொப்புளிச்சுட்டுத்தான் உள்ள வந்தான்."

நான் பூட்டினேன். கழுவினேன். கிருமிநாசினித் தண்ணீரில் பூட்ஸை முக்கினேன். எங்கள் ஊர் யாரன்பாவில் பன்றி வளர்க்கிறவர்கள் பதினோரு பேர். அவர்களில் விதிகளை வரி பிசகாமல் ஒப்பிக்கக் கூடியவள் லோர்னா ஒருத்திதான். இறைச்சி எதுவும் பன்றியின் வாய்க்குப் போகக் கூடாது. இறைச்சியைத் தொட்ட ரொட்டியும் கூடாது. தட்டில் கறியோடு ஒட்டிக் கிடந்த உருளைக்கிழங்குகூடக் கூடாது. எங்கோ நோயில் செத்த மிருகத்தின் ஒரு துண்டு யாருடைய எச்சில் தட்டு வழியாகவோ ஒரே ஒரு பன்றிக்குள் போனால் போதும், நாட்டில் குளம்புள்ள எதுவும் மிஞ்சாது என்பது எங்கள் இலாகாவின் பயம். ஹோட்டல் மிச்சத்தை வாளி வாளியாகக் கொட்டிப் பன்றி வளர்த்த காலமெல்லாம் எங்கள் அப்பன்மாரோடு போயிற்று.

எனக்கு முன்னால் நடந்தவர் டாக்டர் ஹெஸ்டர் குவேல், எங்கள் மாவட்டக் கால்நடை ஆய்வாளர். அறுபது வயதுப் பெண்மணி, அதில் முப்பது வருஷம் இந்த வேலையில். ஒரு பன்றி எதைத் தின்றது என்பதைப் பன்றிக்காரன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் ஃபெர்கஸ். வண்டி ஓட்டுவது, குறிப்பெடுப்பது, ரத்தப் புட்டி சுமப்பது, ஜோக் அடிப்பது என்று எனக்கு நாலு வேலை. கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, பாராட்டும் கிடையாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லோர்னாவே எங்களுக்குப் போன் செய்தாள். இரண்டு தாய்ப் பன்றிகளின் மூக்கில் கொப்புளம். பன்றி மூக்கில் கொப்புளம் என்ற வார்த்தையைக் கேட்டால் எங்கள் ஆபீசில் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவார்கள். அன்று சாயந்திரத்துக்குள் மாதிரிகள் விமானமேறிவிட்டன, பண்ணை மூடப்பட்டது, பாதையில் தடுப்பு போட்டாயிற்று, லோர்னாவின் நாயைக்கூடக் கட்டிப் போட்டாயிற்று. இன்று திங்கள். சோதனைச் சாலையிலிருந்து இன்னும் பதில் இல்லை.

லோர்னா என் வகுப்பில் படித்தவள். கணக்கில் அவளைப் பார்த்துத்தான் நான் தேறினேன். டாக்டருக்கோ அவள் சிநேகிதி. சனிக்கிழமை தவறாமல் இங்கே வந்து டீ குடிப்பார். அதனால் அன்று காலை மூன்று பேருமே அளவுக்கு அதிகமாக அலுவலகத் தோரணையில் இருந்தோம்.

தாய்ப் பன்றிகளின் முற்றத்தில் சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. டாக்டர் அதன் அடியில் படிந்திருந்த சேற்றை அள்ளிச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். நாலாவது அள்ளலில் ஏதோ கடகடவென்றது.

"ஃபெர்க், ஜாடி."

ஒரு எலும்பு. ரம்பத்தால் அறுத்த எலும்பு, சிலுவை மாதிரிக் கிளை விட்டது, மாட்டுக்கறியைத் தடியாக வெட்டிச் சுடுகிற ஸ்டேக்குக்கு நடுவில் இருப்பது. அதன் ஓரத்துக் கொழுப்பில் ஒரு பிளாஸ்டிக் குச்சி குத்தியிருந்தது. டாக்டர் குச்சியைப் பிடுங்கிக் கட்டைவிரலால் துடைத்தார். குச்சியின் தலையில் சின்னதாக ஒரு பசு. நல்ல நீல நிறம்.

ஹோட்டல்களில் ஸ்டேக்கில் குத்திக் கொண்டுவருவார்களே, யாருக்கு எவ்வளவு வெந்தது என்று தட்டு மாறிப் போகாமலிருக்க, அதுதான். டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஜாடியில் போட்டு மூடி, என்னிடம் தராமல், தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

லோர்னா வேலியைப் பிடித்துக்கொண்டாள். "அது என் தொட்டியிலயா கெடந்துச்சு?"

"ஆமா."

"ஹெஸ், நான் தானியம் போடறேன், காய்கறிப் பண்ணையிலேர்ந்து கழிவு எல வாங்கிப் போடறேன். அவ்வளவுதான். என் வீட்ல நான் கறி சாப்பிட்ட தட்டைக்கூட இந்தப் பக்கம் கொண்டாந்தது இல்ல."

"தெரியும்."

"யாரோ வீசியிருக்காங்க."

"இந்தத் தொட்டியில எத்தனை தண்ணி குடிக்குது?" என்றேன் நான்.

"நாப்பத்தொண்ணு. எல்லாம் குட்டி போடறதுங்க. எங்கப்பா நாலை வெச்சு ஆரம்பிச்ச வம்சம். இதுங்க போச்சுன்னா நான் வெறும் கொட்டகைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கண்டதை அன்றன்றைக்கே ஐந்து மணிக்குள் மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும். தொட்டியில் இறைச்சி எலும்பு என்று எழுதினால், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தத் தொட்டியின் நாற்பத்தொன்றும் கொல்லப்படும். லோர்னாவிடம் பன்றி வாங்குகிற கம்பெனி அதோடு கைகழுவிவிடும். தப்பிக்க ஒரே ஒரு சந்து உண்டு: யாரோ வெளியாள் வேண்டுமென்றே செய்த விஷமம் என்று காட்ட வேண்டும்.

"மணி எட்டரை. அஞ்சு வரைக்கும் டைம் இருக்கு," என்றார் டாக்டர். லோர்னாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

விஷமம் என்றதும் எனக்கு ஒரே முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. லோர்னாவின் வேலிக்கு அந்தப் பக்கம் கிளைவ் ரட்ஜ் என்று ஒருவர். பிரிஸ்பேன் நகரத்திலிருந்து வந்து நிலம் வாங்கி, பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து வீடு கட்டி, வாரக் கடைசி விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். பன்றிப் பண்ணைக்குப் பக்கத்தில் வந்து குடியேறிவிட்டு, காற்றில் பன்றி வாசனை அடிக்கிறது என்று இதுவரை ஒன்பது புகார் கொடுத்திருக்கிறார்.

"ஒன்பதும் நான்தான் ஃபைல் பண்ணினேன். ஒவ்வொண்ணுலயும் நாத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போகும்," என்றேன் வண்டியில். "இன்னொரு விஷயம். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி பௌல்ஸ் கிளப்ல கறித்தட்டு பரிசுக் குலுக்கல்ல ஜெயிச்சது யாருன்னு நினைக்கறீங்க? இவர்தான். ஒரு தட்டு நெறைய ஸ்டேக். தூக்க முடியாம தூக்கிட்டுப் போனார்."

டாக்டர் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பௌல்ஸ் கிளப் என்பது எங்கள் ஊரில் வயசானவர்கள் புல்தரையில் பந்து உருட்டுகிற இடம். வெள்ளிக்கிழமை ராத்திரி வயசாகாதவர்களும் சாப்பிட வருவார்கள். ஊரில் ஸ்டேக் போடுகிற சமையலறை அது ஒன்றுதான்.

கிளைவ் எங்களை வாசற்படியில் நிற்க வைத்தே பேசினார்.

"கடைசில வந்துட்டீங்களா? ஒன்பது லெட்டர் போட்டேன்."

"சார், பத்தாவதுக்கு இடம் விட்டு வெச்சிருக்கோம்," என்றேன்.

"அங்க என்னமோ நோயாமே? என் புக்கிங் ரெண்டு கேன்சல் ஆயிடுச்சு. யாரு நஷ்ட ஈடு குடுப்பா?"

டாக்டர் குறுக்கிட்டார். "மிஸ்டர் ரட்ஜ், உங்களுக்கு ஸ்டேக் எப்படி இருக்கணும்?"

"என்னது?"

"கிளப்ல ஆர்டர் பண்றப்ப எப்படிக் கேப்பீங்க?"

கிளைவ் என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை என்பதால் நான் பேனாவைப் பார்த்தேன்.

"நல்லா கருகணும். உள்ள கொஞ்சம் செவப்பு தெரிஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவேன். கேட்டுப் பாருங்க, அந்தச் சமையக்காரம்மா என்னைப் பார்த்தாலே பல்லைக் கடிப்பாங்க."

"எலும்போட வாங்குவீங்களா?"

"எலும்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? குலுக்கல்ல விழுந்த கறியே இன்னும் ஃப்ரீசர்ல கெடக்கு. வேணா பாருங்க."

பார்த்தேன். தட்டின் மேல் சுற்றின பிளாஸ்டிக் காகிதம்கூடப் பிரியாமல் உறைந்து கிடந்தது. எனக்குச் சப்பென்று போய்விட்டது. டாக்டருடைய முகத்தைப் பார்த்தேன். சந்தேகப் பட்டியலில் ஒரு பெயரை அடித்தால் அவருக்கு அன்றைக்கு அரை நாள் உற்சாகம் இருக்கும். இன்று தோள் தொங்கிப்போய் வண்டிக்கு நடந்தார்.

மேற்கொண்டு தபால்காரரைப் பார்த்தோம், லோர்னாவுக்குத் தானியம் இறக்குகிற லாரிக்காரரைப் பார்த்தோம். இரண்டு பேரிடமும் டாக்டர் அதே கேள்வியைத்தான் கேட்டார். தபால்காரர் கறியே தொடாதவர், எங்கள் ஊரில் அவர் ஒரு அதிசயம். லாரிக்காரர் நன்றாக வெந்ததுதான் வேண்டுமென்றார், அவருக்குப் பல்லும் பாதிதான் இருந்தது.

"டாக்டர், நம்ம இலாகா இப்ப சமையல் புஸ்தகம் போடுதா?"

"வண்டிய ஓட்டு, ஃபெர்க்."

மணி ஒன்றுக்குச் சோதனைச் சாலையிலிருந்து போன் வந்தது. ஓரமாக நிறுத்தினேன். டாக்டர் கேட்டார், இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னார், வைத்தார்.

"நோய் இல்ல. எதுவுமே இல்ல."

"அப்ப கொப்புளம்?"

"செலரி. காய்கறிப் பண்ணையிலேர்ந்து வந்த எலையில பாதி செலரிக் கீரை. ஈர எலையில மூக்கை வெச்சுத் தேய்ச்சுட்டு வெயில்ல நின்னா, வெளுத்த பன்னிக்கு அந்தச் சாறே தோலைப் பொசுக்கிடும்."

நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். நாடு பிழைத்தது, லோர்னா பிழைத்தாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் ஜாடி ஞாபகம் வந்தது. சட்டம் அனுமதித்த கீரை மூக்கைப் பொசுக்கியிருக்கிறது. சட்டம் தடுத்த எலும்பு யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பன்றிகளைக் கொலைக்கு அனுப்பப் போவது எலும்புதான். இதை எவன் எழுதினானோ அவனைக் கூட்டிவந்து அந்தத் தொட்டியில் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியது. டாக்டர் லோர்னாவுக்குப் போன் செய்து நோய் இல்லை, வெறும் செலரிதான் என்று மட்டும் சொன்னார். அவள் அழுதது எனக்கு வண்டிக்குள் கேட்டது.

"அடுத்து கிளப்தான்," என்றேன். "டல்சிகிட்ட கேட்டா அந்தப் பசு யாரோடதுன்னு சொல்லிடுவா."

"நீ போய்க் கேளு. நான் வண்டியில இருக்கேன்."

"நீங்க வரலியா?"

"டல்சி எங்கிட்டப் பேச மாட்டா. உனக்கே தெரியும்."

தெரியும். ஊருக்கே தெரியும். டல்சிதான் கிளப்பின் சமையற்காரி. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் புருஷன் பார்னி, மகள் கல்யாண விருந்துக்கென்று இரண்டு பன்றி வளர்த்தான். பள்ளிக்கூடக் கேன்டீனில் மிஞ்சின சாண்ட்விச்களை அதற்குப் போட்டான். ரொட்டிக்குள் ஹாம் இருந்தது. டாக்டர் கண்டுபிடித்தார், எழுதினார். இரண்டையும் வீட்டுக்குப் பின்னால் வைத்தே சுட்டார்கள். பார்னி அதற்கப்புறம் கிளப்புக்கு வருவதில்லை. ஊரில் யார் கேலி செய்தார்கள், யார் செய்யவில்லை என்று அவனுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. டல்சி அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு இல்ல, கண்ணு."

"சாப்பிட வரல. ஸ்டேக்ல குத்தறியே பசு, அதப் பத்தி ஒரு சந்தேகம்."

"நீ ஸ்டேக்கே வாங்க மாட்டியே. இருவது வருஷமா கோழிதான திங்கறே."

"அதனாலதான் கேக்கறேன். கலருக்கு என்ன அர்த்தம்?"

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு கைப்பிடி பசுக்களை மேஜையில் பரப்பினாள். "செவப்புன்னா ரத்தம் வடியணும். மஞ்சள் நடுவாந்தரம். காப்பிக் கலர் வெந்தது. கறுப்பு தனியா சொல்லி வாங்கினேன், கிளைவ் ரட்ஜுக்காக."

"நீலம்?"

சுரண்டுகிற கரண்டி நின்றது.

"நீலம் எங்க கெடைச்சுது?"

"ஒரு இடத்துல."

"எந்த இடத்துல, ஃபெர்க்?"

நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் டல்சியிடம் மறைப்பது கஷ்டம். "பன்னித் தொட்டியில."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். நிதானமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீலம்னா சட்டியில ஒருதரம் காட்டிட்டு எடுத்துடணும். உள்ள சூடே ஏறாது. இந்த ஊர்ல அத ஒரே ஒரு ஆள்தான் கேப்பாங்க. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, ஜன்னலோர டேபிள். எலும்போட வேணும். பாதி தின்னுட்டு, மீதிய ஃபாயில் பேப்பர்ல சுத்திக் குடுன்னுவாங்க. நாய்க்காம்."

ஜன்னலோர டேபிளில் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு யார் உட்காருவார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதிர் நாற்காலியில் கோழி தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பவனே நான்தான். இருபது வருஷமாக அந்தத் தட்டைப் பார்க்காமல் என் தட்டையே பார்த்துத் தின்றிருக்கிறேன்.

"டாக்டர்கிட்ட நாயே கெடையாதே," என்றேன்.

"அத நீங்கதான் துப்பு துலக்கணும். நான் சமையக்காரி."

துலக்க என்ன இருக்கிறது. பண்ணையை மூடுகிறதுக்கு முந்தின சனிக்கிழமை காலை. லோர்னாவின் கேட். டாக்டர் வண்டியை விட்டு இறங்கும் முன்பே வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிற நாய். நாய்க்கு எலும்பு போடுவது குற்றமில்லை; இந்த ஊரில் அதைப் போடாதவன்தான் கெட்டவன். அதையும் அவர் கேட்டுக்கு வெளியில் நின்றுதான் போட்டிருப்பார், விதி பிசகாமல். நாய்க்குத்தான் கேட் என்றால் என்னவென்று தெரியாது. வேலிக்கு அடியில் நுழைந்து, மண் எங்கே மெத்தென்று ஈரமாக இருக்கிறதோ அங்கே, தொட்டிச் சேற்றில், கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறது.

"டல்சி, இது வெளியில..."

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். பார்னிகிட்டகூட." அவள் நீலப் பசுக்களை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்தாள். "டாக்டர் இத எழுதறாங்களா இல்லியான்னு பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

வண்டிக்குத் திரும்பினேன். டாக்டர் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தொட்டிகிட்டயே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு," என்றேன்.

"ஆமா."

"அப்புறம் எதுக்கு ஊர் பூரா சுத்தினோம்?"

"பச்சையா திங்கறவங்க இன்னும் ஒருத்தராவது இருப்பாங்கன்னு பாத்தேன். கிளைவா இருக்கக் கூடாதான்னு வேண்டிக்கிட்டேன். முப்பது வருஷத்துல ஒருத்தன் குத்தவாளியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டது இன்னிக்குத்தான்."

நான் வண்டியை எடுத்தேன். ஊருக்கு வெளியே ஆற்றுப் பாலம். நடுப் பாலத்தில் நிறுத்தி, அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"நோய் இல்ல. டல்சி வாயத் தொறக்க மாட்டா. எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தி. தண்ணியும் நெறைய ஓடுது."

அவர் ஜாடியைக் கையில் எடுத்தார். பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. அவர் கை ஜன்னல் விளிம்புவரை போனது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, போடு, போடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டம், இலாகா எல்லாம் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை, லோர்னா தெரிந்தாள்.

"பார்னி அன்னிக்கு அழுதான்," என்றார் டாக்டர். "ரெண்டே ரெண்டு சாண்ட்விச்தாம்மான்னான். ரெண்டா இருந்தா என்ன, இருவதா இருந்தா என்னன்னு நான் சொன்னேன். நல்லா தெளிவா, நோட்டீஸ் படிக்கற மாதிரி சொன்னேன்." கையை உள்ளே இழுத்துக்கொண்டார். "லோர்னா வீட்டுக்கு விடு."

கேட்டில் லோர்னா காத்திருந்தாள். தலை வாரி, சட்டை மாற்றியிருந்தாள். "செலரியாம் செலரி. அந்தக் காய்கறிக்காரனை என்ன பண்றேன் பாரு. உள்ள வாங்க, டீக்குக் கெட்டில் போட்டிருக்கேன்."

"நான் உள்ள வரல," என்றார் டாக்டர். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எலும்பு, பசு, வெள்ளிக்கிழமை, ஃபாயில், நாய். எதையும் மழுப்பவில்லை.

லோர்னா கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு தரம் கட்டிப் போட்டிருந்த நாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாய்க்குத்தான போட்டே. நானும் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

"ஆமா."

"அப்ப எழுதாதே."

"எழுதணும், லோர்னா."

"யாருக்கு என்ன ஆச்சு? ஒரு பன்னிக்காவது தும்மல் வந்துச்சா?"

"பார்னியோட பன்னிங்களுக்கும் ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நான் விடல."

லோர்னா கேட்டின் கம்பியில் இரண்டு கையையும் வைத்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு விட்டிருக்கணும். அது உன் கையில இருந்துச்சு, நீ விடல. அந்தப் பாவத்துக்கு இப்ப என் நாப்பத்தொண்ணைக் கேக்கறே. உன் மனசு சுத்தமாகறதுக்கு என் பன்னிங்க சாகணுமா, ஹெஸ்?"

"என் பேரையும் எழுதறேன். போட்டது நான்னு. என் வேலையும் போயிடும்."

"உனக்குப் பென்ஷன் வரும்."

டாக்டர் என்னிடம் காகிதத்துக்குக் கை நீட்டினார். எனக்கு இந்த இடத்தில் அடிக்க ஜோக் இல்லை. வண்டியின் முகப்பில் காகிதத்தை வைத்து அவர் எழுதினார். வழக்கமாக நான்தான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். அன்று பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இறைச்சி கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பன்றிக்கு எட்டும்படி விட்டவர் என்ற இடத்தில் லோர்னாவின் பெயரை எழுதினார். நான் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். ஐந்தாக ஏழு நிமிஷம் இருந்தது.

ஐந்து மணி அவற்றின் தீனி நேரம். கொட்டகைப் பக்கமிருந்து கத்தல் ஆரம்பித்தது, முதலில் ஒன்று, அப்புறம் எல்லாம் சேர்ந்து.

"எப்ப வருவாங்க?" என்று லோர்னா என்னைக் கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"அதுவரைக்கும் இதுங்களுக்குப் பசிக்குமே." அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "என்ன போடணும்? அதையும் நீயே சொல்லிடு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். வந்தது முப்பது வருஷத்துப் பழக்கம்தான்.

"தானியம் போடலாம். காய்கறி போடலாம். கறி மட்டும் கூடாது."

லோர்னா தானிய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். கேட்டை நான்தான் சாத்தினேன்.